மாலையில் மட்டும் இறங்கும் இமை

கேள்வி: வயது 56. கன்னமும் தாடையும் தொங்கிவிட்டன. ஆறு மாதத்தில் மகள் கல்யாணம். ஃபேஸ்லிஃப்ட் செய்தால் வாய் கோணிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்களே? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். மருந்துக்கடைக்காரர் கொடுத்த க்ரீமும் தடவுகிறேன். சாயங்காலமானால் இடது இமை இறங்கிவிடுகிறது. டிவியில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. போட்டாக்ஸ் போட்டால் சரியாகும் என்கிறார்கள் பியூட்டி கிளினிக்கில்.

பதில்: போட்டாக்ஸுக்கு நாள் குறித்திருந்தால் முதலில் அதை ரத்து செய்யுங்கள், அம்மா. கன்னம் காத்திருக்கட்டும்.

வயதால் தளர்ந்த இமை காலையிலும் ஓரளவு இறங்கித்தான் இருக்கும். காலையில் நன்றாக இருந்து, பொழுது சாயச் சாய இறங்கி, கூடவே இரட்டைப் பார்வையும் வந்தால் ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். தசையை இயக்க நரம்பு அனுப்பும் ரசாயனமான அசிட்டைல்கோலினைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கெடுத்துவிடும் நோய் இது. உழைத்தால் தசை சோரும், ஓய்ந்தால் தேறும். போட்டாக்ஸ் ஊசியோ அந்த அசிட்டைல்கோலின் வெளியே வருவதையே தடுப்பது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும் குழாயை இன்னும் இறுக்கி மூடுவது போல!

இன்று மாலை மகளை எதிரே உட்காரவைத்து, தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்தி ஒரு நிமிடம் மின்விசிறியைப் பாருங்கள். இமை மெல்ல இறங்குகிறதா என்று அவர் சொல்லட்டும். பிறகு கைக்குட்டையில் ஐஸ் கட்டி, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வையுங்கள். இமை தூக்கிக்கொண்டால் சந்தேகம் வலுக்கிறது. தூக்காவிட்டாலும் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை, நரம்புச் சோதனை, தேவைப்பட்டால் இந்த நோயோடு தொடர்புள்ள, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியைப் பார்க்க நெஞ்சு சிடி ஸ்கேன் எடுப்பார்கள். நோய் உறுதியானாலும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. விழுங்கும்போது புரையேறினாலோ, பேச்சு மூக்கால் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதவில்லையே! அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அட்டெனலால் போன்றவை இந்த நோயைக் கிளறிவிடலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஃபேஸ்லிஃப்டில் வாய் கோணுமா? முகத்தை அசைக்கும் நரம்பு, தோலுக்கடியில் நாங்கள் இழுத்துத் தைக்கும் படலத்துக்குக் கீழே ஓடுகிறது. சில வாரம் லேசாகப் பலவீனம் வரலாம். நிரந்தரமாகக் கோணுவது அபூர்வம். காது மடல் மரத்துப்போவதுதான் அதைவிட அதிகம். நாங்கள் பயப்படுவது முதல் 24 மணி நேரத்தில் தோலுக்கடியில் கட்டும் ரத்தத்துக்கு. பிரஷர் ஏறினால் அந்த ஆபத்தும் ஏறும். ஆறு மாதம் இருக்கிறது, வீக்கம் வடியப் போதும். ஆனால் மயக்க மருந்தோடு தரும் தசைத் தளர்ச்சி ஊசியின் அளவே இந்த நோயில் மாறும் என்பதால், இமைக்கு விடை தெரியாமல் எந்த நல்ல சர்ஜனும் கத்தி எடுக்கமாட்டார்.

அந்த க்ரீம் ட்யூபையும் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று அச்சடித்திருந்தால் அது ஸ்டீராய்டு. தொங்கும் தோலை இன்னும் மெலியவைக்கத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.