குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 28. ஈரோடு பக்கம் ஒரு கிராமம். இப்போது ஐந்தாம் மாதம். மசக்கை அடங்கி, சாப்பாடு உடம்பில் தங்க ஆரம்பித்துவிட்டது. மனம்தான் ஒரு நிலையில் நிற்க மறுக்கிறது.

போன வெள்ளிக்கிழமை என் கணவர் ஆசையாக இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தார். அந்த வாசனை வயிற்றைப் புரட்டியது. பிடுங்கி வாசலில் எறிந்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் பூவை எடுத்து, தூசி தட்டி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதைப் பார்த்ததும் அழுகை பொங்கிவிட்டது. அரை மணி நேரம் கழித்துத் தொலைக்காட்சியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

"வயிற்றுப் பிள்ளைக்காரி அழுதால் பிள்ளைக்கு ஆகாது" என்கிறார் என் மாமியார். அதனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். பிறகு வயிற்றைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன். போன வருடம் பத்தாவது வாரத்தில் ஒரு கர்ப்பம் கலைந்தது. அது முடிந்த கதை. என் அழுகை இந்தக் குழந்தையைப் பாதிக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பாதிக்காது. பொங்கி வந்து ஓய்ந்துபோகும் அழுகையால் குழந்தைக்கு ஒரு கேடும் வராது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் பல மடங்கு ஏறுகின்றன. மனநிலையை ஆளும் மூளை வேதிப்பொருள்களையும் அவை அசைத்துப் பார்க்கும். வாசனை குமட்டுவதும் நொடியில் கோபம் வருவதும் உங்கள் குணக்கேடு அல்ல. ரத்தசோகையும் தைராய்டு குறைவும் சோர்வையும் எரிச்சலையும் கூட்டும் என்பதால், ஹீமோகுளோபினும், தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவும் பார்த்தாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை திரும்பப் படித்தது வேறொரு வரி. "அது முடிந்த கதை." முடிந்த கதையை யாரும் வாரக் கணக்கோடு நினைவில் வைத்திருப்பதில்லை, சகோதரி. அந்தக் கருவுக்காக யாராவது உங்களோடு உட்கார்ந்து அழுதார்களா? "அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்" என்று சொல்லி அன்றோடு பேச்சை மூடிவிடுவதுதான் நம் வீடுகளின் வழக்கம். ஆறுதலாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். என்றாலும் எத்தனையோ பெண்கள் அந்தத் துக்கத்தை அடுத்த கர்ப்பத்துக்குள்ளும் தனியாகச் சுமந்து வருவதைப் பார்க்கிறேன். முதல் மூன்று மாதங்களில் கலையும் கர்ப்பங்களில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகளில், உள்ள கோளாறு. நீங்கள் அழுததாலோ கோபப்பட்டதாலோ அது கலையவில்லை. இதைச் சத்தமாக ஒரு முறை படியுங்கள்.

தூசி தட்டிப் பூவை எடுத்துப் போனாரே, அவரிடம் பேசுங்கள். பூவைப் பற்றி மட்டுமல்ல, போன வருடத்தைப் பற்றியும். அந்த இழப்பு அவருக்கும்தானே? மாமியாரோடு வாதாட வேண்டாம். "அழுதால் மனம் லேசாகிறது, கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்காருங்கள் அத்தை" என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்கள். குழாய்ச் சத்தத்துக்குள் அழுவதுதான் எனக்குக் கவலை தருகிறது, அழுகை அல்ல.

இன்னும் சில வாரங்களில் உங்கள் குரல் குழந்தைக்குக் கேட்கத் தொடங்கும். வயிற்றைத் தொட்டு மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு என்ன குழம்பு வைத்தீர்கள் என்று அதனிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இப்போது அழுகைக்குப் பின் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு வராமலே போய், இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, குற்ற உணர்வே நாளை நிரப்பினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விடுவது உங்களுக்கும் நல்லதல்ல, குழந்தைக்கும் நல்லதல்ல. கர்ப்ப காலத்திலும் அதற்குச் சிகிச்சை உண்டு. பேச்சு வழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருத்துவர் தேர்ந்து தரும் மருந்தும் உண்டு. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் மறுநாளுக்குக் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த பரிசோதனைக்குக் கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முன்னால் வார்த்தை வராவிட்டால், எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே அவரிடம் நீட்டுங்கள்.