ஜிடிபி டீபக்கர்ல பிரேக்பாயிண்ட்ல நின்னதும் ஆர்க்யுமெண்ட் எல்லாம் குப்பையா காட்டுது, ஒரு நெக்ஸ்ட் அடிச்சா சரியாயிடுது, ஏன்?

நீங்க அனேகமா பழைய உபுண்டு மெஷின்ல, ஜிசிசி கம்பைலர்ல ஆப்டிமைசேஷன் இல்லாம கம்பைல் பண்ணிட்டு, மெமரி கரப்ஷனா இருக்குமோன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டு இருக்கீங்க. ஒங்க கோடுல ஒண்ணும் இல்லங்க, ஜிடிபி நிக்க வேண்டிய எடத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சு.

ஃபங்ஷன் பேர சொல்லி பிரேக் போட்டா ஜிடிபி அதோட மொத அட்ரஸ்ல வைக்காது, ப்ரோலாக்க, அதாவது ஃபங்ஷன் தலையில ஸ்டாக்க தயார் பண்ற சில இன்ஸ்ட்ரக்ஷன்கள தாண்டித்தான் வைக்கும். ஏன்னா உள்ள நுழையுறப்ப மொத இன்ட் ஆர்க்யுமெண்ட் இடிஐ ரிஜிஸ்டர்ல இருக்கும், ஆனா டீபக் இன்ஃபோ அது ஸ்டாக்ல இருக்குன்னு சொல்லும், ரிஜிஸ்டர்ல இருந்து ஸ்டாக்குக்கு எடுத்து வைக்குற வேலையே ப்ரோலாக்லதான் நடக்குது. சரி, ப்ரோலாக் எங்க இருக்குன்னு எப்படி தெரியும்? மெஷின் கோட பைட் பைட்டா படிக்குது. எக்ஸ்86-64ல மொத பைட் ஹெக்ஸ்ல 55ஆ, அதாவது புஷ் ஆர்பிபியான்னு பாக்கும், அடுத்து ஆர்எஸ்பிய ஆர்பிபிக்கு மூவ் பண்ணுதான்னு பாக்கும். ரெண்டும் இருந்தா, எந்த சோர்ஸ் லைன் எந்த அட்ரஸ்னு சொல்ற லைன் டேபிள்ல அடுத்த லைன் ஆரம்பிக்குற அட்ரஸுக்கு போயிடும். இல்லேன்னா இது ஃப்ரேம் இல்லாத ஃபங்ஷன்னு முடிவு பண்ணி ஆரம்ப அட்ரஸையே குடுத்துடும்.

இங்கதான் வில்லங்கம். உபுண்டு 19.10ல இருந்து ஜிசிசி இன்டெல்லோட சிஇடி பாதுகாப்புக்காக ஃபங்ஷன் தலையில எண்ட்பிஆர்64னு 4 பைட் இன்ஸ்ட்ரக்ஷன் ஒண்ண டீஃபால்ட்டா போட ஆரம்பிச்சுது. பழைய ஜிடிபிக்கு அது யாருன்னே தெரியாது. 55 எதிர்பார்த்த எடத்துல வேற ஏதோ இருக்கு, உடனே கைய விரிச்சுடுச்சு.

எங்க டீம்ல இது வந்தப்ப சீனியர் ஒருத்தர் "ஏம்பா, ஒன் பாயிண்டர் எங்கயோ போயி எழுதுது, வால்கிரைண்ட் போட்டு பாரு"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. மெமரி தப்பு தேடுற அந்த வால்கிரைண்ட் டூல் சுத்தமா வந்துச்சு, அப்பவும் நம்பல. நான் அவர் பக்கத்துல உக்காந்து ஜிடிபில மெஷின் இன்ஸ்ட்ரக்ஷன காட்டுற டிஸ்அசெம்பிள் அடிச்சேன், இப்ப நிக்குற எடத்த காட்டுற அம்புக்குறி நேரா ப்ளஸ் 0ல எண்ட்பிஆர்64 மேல நிக்குது, இடிஐய ஆர்பிபி மைனஸ் 20ல வைக்குற மூவ் அதுக்கு கீழ இன்னும் ஓடாம இருக்கு. இடிஐய பிரிண்ட் பண்ணா சரியான வேல்யூ. "சரி சார், கரப்ஷன் எங்க?"ன்னு கேட்டேன். பதில் இல்ல. அப்புறம் மீட்டிங்ல "நாங்க டூல் இஷ்யூ ஒண்ணு கண்டுபிடிச்சோம்"னு அவரே பேசுறாரு. நாங்களாம்! இதே ஆள்தான் இன்டர்வியூல வர்ற பசங்கள லிங்க்டு லிஸ்ட திருப்பி காட்டுன்னு வதைக்கிறாரு, 10 வரி டிஸ்அசெம்பிளிய குடுத்து படிடான்னு ஒரு கம்பெனிலயும் கேக்க மாட்டேங்குறாங்க, கேட்டா நான்லாம் எப்பவோ வேற எடத்துக்கு போயிருப்பேன்.

இப்ப கமெண்ட்ல "பேக்ட்ரேஸுக்கு இஎச் ஃப்ரேம் இருக்கே, இந்த பைட் பாக்குற வேலை எதுக்கு"ன்னு வருவீங்க, தெரியும். இஎச் ஃப்ரேம்ங்கறது பைனரில இருக்குற ஒரு டேபிள், யாரு யார கூப்பிட்டாங்கன்னு ஸ்டாக்க அவிழ்க்கறதுக்கு, நான் சொல்றது பிரேக்பாயிண்ட் வைக்குறதுக்கு. ஜிசிசிக்கு பதிலா கிளாங் கம்பைலர்ல கம்பைல் பண்ணா ஜிடிபி லைன் டேபிளையே நம்பும், அதுவும் தெரியும். அந்த டேட்டா எதுவுமே இல்லாத ஸ்ட்ரிப் பண்ண, மிப்ஸ் ப்ராசஸர்ல ஓடுற ஃபர்ம்வேர்ல ஒக்காந்து பாருங்க, ஃபங்ஷன் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாம ஜிடிபி பின்னாடி பின்னாடி போயி தேடும், எவ்ளோ தூரம் தேடலாம்னு சொல்றதுக்கே ஹியூரிஸ்டிக் ஃபென்ஸ் போஸ்ட்னு தனியா ஒரு செட்டிங் வச்சிருக்காங்க.

ஒங்களுக்கு தீர்வு: ஜிடிபி 10 இல்ல அதுக்கு மேல போடுங்க, எண்ட்பிஆர்64ஐ தாண்டுற ஃபிக்ஸ் 2020 மே மாசம் சேர்த்தாங்க. அப்கிரேட் பண்ண ஆபீஸ்ல விடலேன்னா எண்ட்பிஆர்64 போட வைக்குற எஃப்சிஎஃப் ப்ரொடெக்ஷன்ங்கற ஜிசிசி ஆப்ஷன ஆஃப் பண்ணி கம்பைல் பண்ணுங்க, இல்ல இப்ப பண்ற மாதிரியே ஒரு நெக்ஸ்ட் அடிச்சுட்டு பாருங்க. அடுத்த தடவ கேள்வியில ஜிடிபி வெர்ஷன டைப் பண்ணி போடுங்க, மானிட்டர மொபைல்ல ஃபோட்டோ எடுத்து போடாதீங்க, பாதி நம்பர் படிக்கவே முடியல.