அருகுபோல் வேரோடும் மூங்கில்: கேள்வியும் பதிலும்

நியூ ஜெர்சியில் நான் வாங்கிய வீட்டோடு ஒரு மூங்கில் தோப்பும் வந்தது. முன்பிருந்தவர் வேலியோரம் அழகுக்காக வைத்த 3 செடிகள் நான் வந்தபோது 40 அடி நீளத் தோப்பாகியிருந்தன. 19 ஆண்டுகளாக அதோடு மல்லுக்கட்டியும் அதன் நிழலில் உட்கார்ந்து காபி குடித்தும் கற்றுக்கொண்டதை வைத்து, பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எடிசன், நியூ ஜெர்சி: பின்வீட்டு மாடி ஜன்னல் எங்கள் சமையலறையை நேராகப் பார்க்கிறது. மூங்கில் வைத்தால் சீக்கிரம் மறைக்கும் என்கிறார்கள். ஊரில் எங்கள் தாத்தா வயலோரம் மூங்கில் இருந்தது. அது எங்கும் பரவியதாக நினைவில்லை. இங்கே மட்டும் ஏன் இத்தனை பயமுறுத்துகிறார்கள்?

நம்மவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். திருமண வீட்டில் பெரியவர்கள் எப்படி வாழ்த்துவார்கள்? 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ்க.' வேரோடும் வேலையை அருகம்புல்லுக்குக் கொடுத்தார்கள், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வேலையை மூங்கிலுக்குக் கொடுத்தார்கள். நம் ஊர் மூங்கில் அப்படித்தான். அதன் நிலத்தடித் தண்டு குட்டையானது, தடித்தது. அது பக்கத்திலேயே வளைந்து மேலே ஏறிக் கழியாகிவிடும். அதனால் ஒரே இடத்தில் கொத்தாகத் தூர் கட்டி நிற்கிறது.

இங்கே அமெரிக்க நாற்றங்கால்களில் விற்பது பெரும்பாலும் ஃபைலோஸ்டாக்கிஸ் இனம். சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. இதன் நிலத்தடித் தண்டு விரல் பருமனில் கிடைமட்டமாக ஓடிக்கொண்டே போகும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு உண்டு. அதில் எது கழியாக எழும், எது இன்னொரு தண்டாக ஓடும் என்பது அதற்கே வெளிச்சம். பெயரில் மூங்கில், குணத்தில் அருகம்புல். ஆண்டுக்கு 3 முதல் 5 அடி ஓடுவது சாதாரணம். நல்ல மண் கிடைத்தால் 15 அடிகூடப் போகும்.

உங்கள் ஊருக்கும் இந்த இனத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. தாமஸ் எடிசன் மென்லோ பார்க்கில் விளக்கின் இழைக்குப் பொருள் தேடியபோது, 1880இல் ஜப்பானின் கியோட்டோ அருகே உள்ள யவாட்டாவிலிருந்து வந்த மூங்கில்தான் கைகொடுத்தது. மதாக்கே என்ற அதுவும் ஓடும் மூங்கில்தான். கரியாக்கிய அந்த இழை 1,000 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. மென்லோ பார்க் இன்று உங்கள் எடிசன் நகரத்துக்குள்தான் இருக்கிறது.

மறைப்பு மட்டும் போதும் என்றால் ஃபார்கேசியா இனத்தைக் கேட்டு வாங்குங்கள். சீன மலைகளில் பாண்டா கரடி தின்னும் வகை, கடுங்குளிர் தாங்கும், தூர் கட்டும். நியூ ஜெர்சிக் கோடை வெயில் அதற்கு ஆகாது, பிற்பகல் நிழல் வேண்டும். 10, 12 அடிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மாடி ஜன்னலுக்கு அது எட்டாது என்றால் திரைச்சீலை மலிவு.

ஆஸ்டின், டெக்சஸ்: கடையில் 'தங்க மூங்கில்' என்று எழுதியிருந்தது. சென்னையில் பங்களா வாசல்களில் நிற்கும் மஞ்சள் மூங்கில்தானே இது?

இல்லை. சென்னையில் நீங்கள் பார்த்தது மஞ்சள் கழியில் பச்சைக் கோடு ஓடும் பாம்பூசா வல்காரிஸ். தூர் கட்டுவது. இங்கே 'தங்க மூங்கில்' என்று விற்பது ஃபைலோஸ்டாக்கிஸ் ஆரியா. 1882இல் அலபாமாவில் கொண்டுவந்து நட்டார்கள். தென் மாநிலங்களில் பல இடங்களில் காட்டுக்குள் புகுந்துவிட்டது. பெயர்ப் பலகையை நம்பாமல் செடியைப் பாருங்கள். ஒரு கணுவில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு கிளைகள் இருந்து, கிளைக்கு மேலே கழியில் விரலால் அழுத்தியதுபோல ஒரு பள்ளம் ஓடினால் அது ஃபைலோஸ்டாக்கிஸ், சந்தேகமே வேண்டாம். ஆரியாவில் அடிக் கணுக்கள் நெருங்கி, கோணல்மாணலாக இருக்கும். கைத்தடிக்கு அழகு. உருண்ட கழியும் ஒரு கணுவில் கொத்தாகப் பல கிளைகளும் இருந்தால் தூர் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சார்லட், வட கரோலினா: ஓடும் வகைதான் பிடித்திருக்கிறது. தடுப்பு வைத்து வளர்க்க முடியாதா?

தாராளமாக முடியும். ஆனால் தடுப்பு என்றதும் பலர் மனத்தில் சுவர் தெரிகிறது. சிமென்ட் விரிசல் விடும். அந்த விரிசலில் தண்டு நுழையும். தகரம் துருப்பிடிக்கும். களைக்குப் போடும் துணியை ஊசிபோலக் குத்திக்கொண்டு போய்விடும். வேண்டியது ஹெச்.டி.பி.இ. என்ற அடர்த்தியான பிளாஸ்டிக் தாள், குறைந்தது 1.5 மில்லிமீட்டர் கனம், இரண்டரை அடி அகலம்.

தண்டுகள் பெரும்பாலும் மேல் ஓர் அடி மண்ணிலேயே ஓடும். ஆகவே இரண்டரை அடித் தாள் போதும். தாளை நேராக நிறுத்தாமல், மேல் விளிம்பு செடியைவிட்டு வெளிப்பக்கம் சாயும்படி நிறுத்துங்கள். அப்போது முட்டும் தண்டு கீழே போகாமல் மேலே திரும்பும். விளிம்பு 2 அங்குலம் தரைக்கு மேல் தெரிய வேண்டும். இது அழகாக இல்லை என்று மண்ணைப் போட்டு மூடுபவர்கள்தான் இரண்டாண்டு கழித்து என்னிடம் வருகிறார்கள். தாளின் வேலை தண்டை நிறுத்துவது அன்று. அது எங்கே தப்பிக்கப் பார்க்கிறது என்பதை உங்கள் கண்ணுக்குக் காட்டுவது. கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் சுற்றிவந்து, விளிம்பைத் தாண்ட நினைக்கும் தண்டை வெட்டிவிடுங்கள்.

இன்னும் இரண்டு. தாளின் இரு முனைகளும் சேரும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்குங்கள். என் தோட்டத்தில் முதல்முறை ஒட்டும் நாடா போட்டேன். சரியாக அந்த இடத்தில்தான் வெளியே வந்தது. அடுத்தது, தாளை ஒட்டிக் கீழ்மண்ணை மிதித்து இறுக்குங்கள். மண் இளகியிருந்தால் தண்டு ஆழம் பார்க்கும்.

தாளுக்குச் செலவழிக்க மனமில்லை என்றால் செடியைச் சுற்றி ஓர் அடி ஆழம், முக்கால் அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி, இலைச்சருகு போட்டு வைக்கலாம். ஓடிவரும் தண்டு வாய்க்காலில் தலைநீட்டும், வெட்டலாம். நான் இப்போது செய்வது இதுதான். செலவில்லை, ஆனால் ஓராண்டு சோம்பினாலும் தண்டு அக்கரை சேர்ந்துவிடும்.

ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட்: பக்கத்து வீட்டு மூங்கில் எங்கள் புல்வெளிக்கு வந்துவிட்டது. நல்ல மனிதர், சண்டை போட விருப்பமில்லை.

உங்கள் மாநிலத்தில் இதற்கென்றே 2013இல் சட்டம் வந்தது. ஓடும் மூங்கிலை எல்லை தாண்ட விடக்கூடாது. அதனால் அயலாருக்கு வரும் சேதத்துக்கு நட்டவரே பொறுப்பு. எல்லையிலிருந்து 40 அடிக்குள் நட வேண்டுமானால் சரியான தடுப்போ, மண்ணைத் தொடாத தொட்டியோ வேண்டும். அவருக்கு இது தெரியாமலே இருக்கலாம். ஒரு சனிக்கிழமை இரண்டு கடப்பாரையோடு போய்ச் சேர்ந்து வாய்க்கால் வெட்டக் கூப்பிடுங்கள். சட்டத்தை இரண்டாம் முறை போகும்போது சொல்லலாம்.

அதுவரை உங்கள் பக்கம் வரும் குருத்துகளைப் புல்வெட்டும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும். மருந்து மட்டும் அடிக்காதீர்கள். தண்டு வழியாக அது அவருடைய தோப்புக்கும் போகும். பிறகு வழக்கு உங்கள் மேல்.

சியாட்டில்: கருமூங்கில் என்று வாங்கினேன். புதிதாக வரும் கழியெல்லாம் பச்சை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கருமூங்கிலின் கழி பச்சையாகத்தான் பிறக்கும். ஓரிரு ஆண்டுகளில் புள்ளி புள்ளியாகக் கறுக்கும்.

சியாட்டிலிலிருந்தே இன்னொருவர்: 3 ஆண்டுகளாக என் மூங்கில் உயரவே இல்லை. உரம் போட வேண்டுமா?

உயராது. மூங்கில் கழி மண்ணிலிருந்து வரும்போதே அதன் முழுப் பருமனோடு வருகிறது; சுமார் 2 மாதத்தில் முழு உயரத்தை எட்டுகிறது; அதன்பின் அங்குலம்கூட வளராது. தென்னை, வேம்பு பார்த்த கண்ணுக்கு இது புரிய நேரமாகும். தோப்பு பெரிதாவது என்றால், இந்த ஆண்டுக் குருத்து போன ஆண்டுக் கழியைவிடத் தடிமனாக வருவது. எனவே பழைய கழியைப் பார்த்துக் கவலைப்படாமல் அடுத்த வசந்தத்துக் குருத்தைப் பாருங்கள். நல்ல தண்ணீர், உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளாமல் அங்கேயே விடுதல், இவை போதும்.

பால்டிமோர்: ஏப்ரலில் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது.

பழைய இலை போய்ப் புது இலை வரும் பருவம் அது. விட்டுவிடுங்கள். இலை நீளவாட்டில் சுருண்டால் தண்ணீர் குறைவு. இலையின் மேல் வெளிறிய கோடுகள் தெரிந்து, திருப்பினால் அடியில் மெல்லிய வலை இருந்தால் மூங்கில் சிலந்திப்பேன்.

ஹாரோ, லண்டன்: முழுவதும் ஒழிக்க வேண்டும். உப்பும் வினிகரும் ஊற்றச் சொல்கிறார்கள்.

உப்பு ஊற்றினால் மூங்கில் போகிறதோ இல்லையோ, மண் போய்விடும். முளையில் கிள்ளாததை முற்றிய பின் கோடரியால்தான் வெட்ட வேண்டும் என்பார்கள். இங்கே கோடரியும் பாதி வேலைதான் செய்யும், ஏனென்றால் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது.

சின்னத் தோட்டம் என்றால் தோண்டுவதே உத்தமம். கழிகளை முழங்கால் உயரத்தில் வெட்டி, பிடித்திழுக்கக் கைப்பிடியாக விட்டு, மண்வெட்டியும் ரம்பமும் வைத்துத் தண்டைத் துண்டு துண்டாக எடுங்கள். எடுத்ததைக் குப்பைக்குழியில் போடாமல் தார்ப்பாய் மேல் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

தோண்ட முடியாத இடத்தில் பட்டினி போடுவதுதான் வழி. எல்லாக் கழியையும் தரைமட்டமாக வெட்டி, தண்ணீர் விடுங்கள். ஆமாம், தண்ணீர் விடுங்கள். சேமித்த சத்தைச் செலவழித்து அது குருத்து விடட்டும். இலை விரியும் முன் வெட்டுங்கள். மறுபடி வரும், மறுபடி வெட்டுங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடிக்கும். நடுவில் ஒரு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

ஊட்டி: எங்கள் குளிருக்கு இந்த ஓடும் வகை வருமா? இந்தியாவில் யாராவது வளர்க்கிறார்களா?

அருணாச்சலப் பிரதேசத்தின் ஜிரோ பள்ளத்தாக்கில் அபதானி மக்கள் ஃபைலோஸ்டாக்கிஸ் மூங்கிலை வேலியடைத்த தோப்புகளில் தலைமுறைகளாக வளர்க்கிறார்கள். வீடும் வேலியும் கூடையும் அதில்தான். அவர்கள் ஆண்டுதோறும் வெட்டிப் பயன்படுத்துகிறார்கள், அதனால் அது அடங்கியிருக்கிறது. உங்கள் குளிரில் நன்றாக வரும். என் தயக்கமும் அதுதான். அழகுக்கும் விறகுக்கும் கொண்டுவந்த சீகை மரமும் உண்ணிச்செடியும் நீலகிரியில் எவ்வளவு தூரம் போய்விட்டன என்று நீங்களே பார்க்கிறீர்கள். தொட்டியில் வேண்டுமானால் வையுங்கள். 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பிரித்து நடாவிட்டால் தொட்டியே வெடிக்கும்.

வேளச்சேரி, சென்னை: எங்களுக்கு?

வேண்டாம், வெயிலில் சோர்ந்துபோகும். தூர் மூங்கில் வையுங்கள்.

டொராண்டோ: மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பார் பாட்டி. உண்மையா?

பாட்டி கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். மிசோரமில் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மூங்கில் இனம் ஒட்டுமொத்தமாகப் பூக்கும். விதையைத் தின்று எலி பெருகும். விதை தீர்ந்ததும் எலி வயலில் இறங்கும். 1959இல் அப்படித்தான் பஞ்சம் வந்தது. 2007 வாக்கில் மறுபடி பூத்தது. நம் மலைகளில் மூங்கில் அரிசி கிடைப்பதும் அப்படிப் பூக்கும்போதுதான். உங்கள் வேலியோர மூங்கில் பூத்தால் பஞ்சம் வராது, செடி நலியும், பல நேரம் செத்தேபோகும். லண்டன்காரர் பொறாமைப்படுவார்.

பிராங்க்ஸ், நியூயார்க்: உங்கள் தோப்பிலிருந்து ஒரு கன்று தருவீர்களா?

உங்களுக்கு முடியாது. என்னிடம் இருப்பது ஃபைலோஸ்டாக்கிஸ் ஆரியோசல்கேட்டா. அதையும் ஆரியாவையும் நியூயார்க் மாநிலம் 2015இல் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மே மாதம் வாருங்கள், தின்னக் குருத்து தருகிறேன். தோலுரித்து, 20 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரை வடித்துவிட்டு, தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம். மற்ற ஊர்க்காரர்கள் உள்ளூர் விதியைப் பார்த்துவிட்டு, தாள் பதித்த குழியின் படத்தை முதலில் அனுப்புங்கள். இதுவரை கன்று கேட்டவர்கள் இருபது பேருக்கு மேல். குழியின் படம் ஒன்றுதான் வந்திருக்கிறது.