பழைய மாணவர்களிடம் என்ன கேட்பது?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் படித்தவர்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். பட்டம் முடித்த சிலர் ஓசூரில் வேலைக்குப் போகிறார்கள். ‘பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் கைகூப்பும் படம் போடுகிறார்கள், அதோடு சரி. வளர்த்த பள்ளியை மறந்துவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது. எப்படி வரவழைப்பது?
- ஓர் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகள் மறந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ‘ஏதாவது செய்யுங்கள்’ என்றால் அவர்கள் காதில் ‘பணம் கொடுங்கள்’ என்றுதான் விழும். படிக்கிற பையன் கையில் பஸ் காசுக்கு மேல் என்ன இருக்கும்? ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் அறை வாடகை, மெஸ், கல்விக் கடன், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக மிச்சம் நிற்காது. கொடுக்க முடியாதவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். பணம் பிறகு வரட்டும். இப்போது அவர்களிடம் வேறொன்று இருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் பழசாகிவிடும் என்பதால் அதை இப்போதே கேளுங்கள்.

போன வருஷம் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த பெண்ணுக்கு எந்த இடத்தில் தடுமாறினோம், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் என்னென்ன கேட்டார்கள், கல்லூரிகளை எந்த வரிசையில் போட்டோம் என்பதெல்லாம் இன்னும் மனப்பாடமாக இருக்கும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு என்றும், அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் நீங்கள் வகுப்பில் எத்தனை தடவை சொன்னாலும், ‘நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்’ என்று பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அப்படிச் சேர்ந்து படிக்கிற பக்கத்துத் தெரு அக்கா வந்து நின்றால் அந்தப் பேச்சு எழாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பிளஸ் டூ முடிந்த கையோடு மாப்பிள்ளை பார்க்கும் வீடுகள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டு அம்மாவுக்குப் படிப்பு பிடிக்காமல் இல்லை. எந்த பஸ், யார் துணை, விடுதியில் யார் பார்த்துக்கொள்வார்கள், எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவாள், இதுதான் அவருடைய பயம். தினமும் அதே பஸ்ஸில் போய் வருகிற பெண்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். உங்கள் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டு மொழியிலேயே உட்கார்ந்து பேசி, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தன் கணக்கில் ஏறுவதைப் பாஸ்புக்கைத் திறந்து காட்டட்டும். ஆனால் 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டதாகத் தெரிந்தால், அந்தப் பாரத்தைக் கல்லூரிப் பெண் தலையில் வைக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு நீங்களே போன் செய்யுங்கள்.

அப்புறம், பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்து டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று தயாராகிறவர்கள். ‘இன்னும் வேலை இல்லையா?’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பள்ளிப் பக்கமே வரமாட்டார்கள். உங்களுக்கு அதிகம் உதவக்கூடியவர்கள் இவர்கள்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்எம்எம்எஸ் தேர்வில் தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அதில் மனத்திறன் தாளில் 90 கேள்விகள். எண் தொடர், படத் தொடர், குறியீடு என்று வரும் அந்தத் தாளுக்குப் பாடப்புத்தகம் கிடையாது, போட்டுப் போட்டுப் பழகினால்தான் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தினமும் போட்டுப் பார்ப்பது அதே வகைக் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொடுக்கும்போது அவர்களுக்கும் அது கைவந்துவிடும். நாலு பேர் ‘சார்’ என்று கூப்பிடுவது அந்த வயதில் எவ்வளவு பெரிய தெம்பு என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்கிற விதத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். குழுவில் பொதுவாகப் போடுவதை ஒவ்வொருவரும் வேறு யாருக்கோ சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். ஆளைப் பார்த்து போன் செய்யுங்கள். ‘டிசம்பர்ல செமஸ்டர் லீவுக்கு வருவேல்லம்மா? சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வந்துடு. எட்டாவது பிள்ளைங்க இருபது பேர். எண் தொடர் மட்டும் சொல்லிக்கொடு, போதும்’ என்று நாள், நேரம், வேலை மூன்றையும் சொல்லிக் கூப்பிட்டால் மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால் விட்டுவிடுங்கள், ‘நன்றி இல்லையா’ என்ற பேச்சு மட்டும் வேண்டாம். நன்றிக் கடன் என்று சொல்லி வரவழைத்த பிள்ளை மறுபடி வராது.

தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. விடாமல் வருகிற ஒருவரை அடுத்த முறை அதில் சேர்க்கப் பாருங்கள். வருகிறவர்களுக்கு மேடையும் சால்வையும் தேவையில்லை. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுங்கள். அஞ்செட்டி போன்ற மலைப்பக்கத்திலிருந்து வருகிறவர்களை மூன்று மணிக்கெல்லாம் அனுப்பிவிடுங்கள், பஸ்ஸை விட்டால் ஊர் போய்ச் சேர்வது சிரமம்.