கூண்டில் ஏறினாரா, எதிர்த்து நின்றாரா? 'டேக் த ஸ்டாண்ட்' கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 'டேக் த ஸ்டாண்ட்' என்றால் கொள்கையில் உறுதியாக நிற்பதுதானே? ஒரு வழக்குச் செய்தியில் 'ஷி டுக் த ஸ்டாண்ட்' என்று படித்துக் குழம்பிவிட்டேன்.

பதில்: அந்தப் பெண் சாட்சி சொல்லக் கூண்டில் ஏறினார் என்பதே பொருள். 'ஸ்டாண்ட்' என்பது அமெரிக்க நீதிமன்றங்களில் நீதிபதிக்குப் பக்கத்தில் இருக்கும் சாட்சி மேடை. பெயர்தான் ஸ்டாண்ட், சாட்சி அங்கே உட்கார்ந்துதான் பேசுவது வழக்கம். கொள்கையில் உறுதியாக நிற்பதற்கு 'டேக் எ ஸ்டாண்ட்'. 'எ', 'த' இரண்டுக்கும் தமிழில் நேர்ச்சொல் இல்லாததால் அவற்றை நாம் சட்டென்று தாண்டிப் படித்துவிடுகிறோம். இங்கே பொருளே அவற்றில்தான் இருக்கிறது.

கேள்வி: பின்னால் 'அகெய்ன்ஸ்ட் ஹிம்' என்று வந்தால்?

பதில்: அப்போதும் அதே கணக்குதான். 'டுக் த ஸ்டாண்ட் அகெய்ன்ஸ்ட் ஹிம்': அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 'டுக் எ ஸ்டாண்ட் அகெய்ன்ஸ்ட் ஹிம்': அவரை எதிர்த்து நின்றார். ஒரு விலக்கு உண்டு. 'டுக் த ஸ்டாண்ட் தட்...' என்று இன்னொரு வாக்கியம் தொடர்ந்தால், 'த' இருந்தும் நிலைப்பாடு என்றே கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும்.

கேள்வி: பிரிட்டிஷ் ஆங்கிலத்தில்?

பதில்: 'விட்னஸ் பாக்ஸ்' என்பார்கள். சாட்சி சொல்வது 'கிவ் எவிடன்ஸ்'.

கேள்வி: இதற்குப் பதிலாக 'பேர் விட்னஸ்' என்று எழுதலாமா?

பதில்: நீதிமன்றச் செய்தியில் வேண்டாம், நடை கனத்துவிடும். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளின் பத்துக் கட்டளைகளில், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற இடத்தில் 'பேர் ஃபால்ஸ் விட்னஸ்' என்றே இருக்கிறது. அந்தக் கம்பீரம் இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது. உயிரற்ற பொருளுக்கும் இது பொருந்தும்: இடிந்த சுவர்கள் போருக்குச் சாட்சியாக நிற்கலாம், ஆனால் சுவர் கூண்டில் ஏறாது. இறந்தகாலம் 'போர் விட்னஸ்'. 'ஹாவ்' சேர்ந்தால் 'போர்ன்'. ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் கடைசி எழுத்து 'ஈ' (e). அதை விட்டுவிட்டால் 'பிறந்த' என்றாகிவிடும்.

கேள்வி: குற்றம் சாட்டப்பட்டவரே கூண்டில் ஏறினாலும் இதே தொடர்தானா?

பதில்: ஆம். 'இன் ஹிஸ் ஓன் டிஃபென்ஸ்' (தன் தரப்புக்காகத் தானே) என்று சேர்ப்பார்கள். அமெரிக்காவில் அவரைக் கட்டாயப்படுத்தி ஏற்ற முடியாது. 1791-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த ஐந்தாம் திருத்தம் அவருக்குக் காவல். 'டேக் த ஃபிஃப்த்' பிறந்தது அதிலிருந்துதான்: தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் பதிலைச் சொல்ல மறுப்பது. ஒரு சாட்சியைப் பற்றிய செய்தியில் 'டுக் த ஸ்டாண்ட்', 'டுக் த ஃபிஃப்த்' இரண்டும் வந்தால் முரண் என்று நினைக்க வேண்டாம். கூண்டில் ஏறினார், கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்தார், அவ்வளவுதான்.