பல்லுக்குப் போடும் உலோகம்: முற்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை முடிந்து கிரவுன் (பல்லை மூடும் உறை) போடவேண்டும். கவரிங் தோடு போட்டால் எனக்குக் காது புண்ணாகும். மெட்டலுக்கு மேல் செரமிக் என்றால் ஒரு விலை, சிர்கோனியா என்றால் அதைவிடக் கூட. கூடக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கவரிங் தோடு காதைப் புண்ணாக்குவதற்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். மெட்டல் செரமிக் கிரவுனின் உள்ளே வைக்கும் மலிவான உலோகமும் பல இடங்களில் நிக்கல்-குரோமியம் கலவையே. அதில் பாதிக்கு மேல் நிக்கல். எச்சில் ஓயாமல் கழுவிக்கொண்டிருப்பதால், காது புண்ணாகிற எல்லோருக்கும் வாய் புண்ணாவதில்லை. ஆனாலும் பல வருடம் வாயில் இருக்கப்போகிற பொருளில் தெரிந்தே நிக்கலை வைக்க வேண்டாம்.

கோபால்ட்-குரோமியம் ஒரு மாற்று. ஆனால் நிக்கல் ஒவ்வாதவர்களில் சிலருக்குக் கோபால்ட்டும் ஒவ்வாது. 'செமி பிரெஷஸ்' (ஓரளவு விலையுயர்ந்த உலோகம் சேர்ந்தது) என்று சொல்லித் தருவதில் பலேடியம் இருக்கலாம்; நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்குப் பலேடியமும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே ஒவ்வாமைப் பரிசோதனை எதுவும் செய்யாத நிலையில், உங்களுக்குச் சிர்கோனியாவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் அல்ல. அது உலோகமல்ல, செரமிக். கடைவாய்க்கு மேற்பூச்சு இல்லாத முழுச் சிர்கோனியாவாகவே கேளுங்கள். மேலே ஏற்றும் செரமிக் படைதான் பிறகு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கடி சரிபார்க்கத் தேய்த்த இடத்தை மீண்டும் பளபளப்பாக்கச் சொல்வதும் முக்கியம். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேயும்.

மெட்டல்தான் போடுவது என்று முடிவெடுத்தால், முற்பணம் கட்டுமுன் கலவையின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். 'நொன் பிரெஷஸ்' (விலையுயர்ந்த உலோகம் இல்லாதது) என்று பற்றுச்சீட்டில் எழுதுவது பதிலாகாது, அது நிக்கலாகவும் இருக்கலாம், கோபால்ட்டாகவும் இருக்கலாம். ஆய்வுகூடத்துக்கு வரும் உலோகப் பக்கெட்டில் தயாரிப்பாளர், வணிகப் பெயர், தொகுதி இலக்கம், எந்த உலோகம் எத்தனை வீதம் என்ற விவரம் இருக்கவேண்டும். அந்த லேபலைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். பல் உலோகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 22674-இன்படி 0.1 வீதத்துக்கு மேல் நிக்கல் இருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். பெரிலியம், கட்மியம் ஒவ்வொன்றும் 0.02 வீதத்தைத் தாண்டக்கூடாது. லேபலே இல்லாத கலவை என்றால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மேல்வரிசை முழுவதும் கட்டுப்பல். அண்ணம் சிவந்துபோயிருக்கிறது, நோவில்லை. பிளாஸ்டிக் அலர்ஜி, புதுசாகக் கட்டவேண்டும் என்கிறார்கள்.
– கொட்டாஞ்சேனை

பதில்: கட்டுப்பல்லைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு சரியாகக் கட்டுப்பல்லின் அளவுக்கே நின்று, அதன் விளிம்போடு முடிகிறதா? நோவும் இல்லை என்றால் பெரும்பாலும் அது கண்டிடா என்ற பூஞ்சை. இரவும் பகலும் கழற்றாமல் போடுபவர்களுக்கு வருவது. புதுசு கட்டினாலும் அதே பழக்கம் தொடர்ந்தால் திரும்ப வரும்.

இரவில் கழற்றித் தண்ணீரில் வைக்கவேண்டும். மென்மையான பிரஷும் சவர்க்காரமும் போட்டுத் தேய்க்கலாம். பற்பசை கீறும், சுடுதண்ணீர் வளைக்கும். 0.2 வீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலில் நாளுக்கு இரண்டு தரம் 15 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கம்பிச் சட்டம் உள்ள கட்டுப்பல்லைப் பிளீச்சில் மட்டும் போடவேண்டாம், உலோகம் கறுத்து அரிக்கும். நீரிழிவு இருந்தால் சீனி அளவைப் பார்க்கவேண்டும். இழுப்பு மருந்தில் ஸ்டீரொயிட் இருந்தால் ஒவ்வொரு தரமும் வாயைக் கொப்பளிக்கவேண்டும். அப்பா இரத்தம் உறையாமல் தடுக்கும் வோர்ஃபரின் மருந்து குடிக்கிறாரா? அப்படியானால் பாமசியில் பூஞ்சைக்கான மைக்கொனசோல் ஜெல் வாங்கிப் பூசவே கூடாது; இரத்தம் கசியும் ஆபத்து உண்டு. நிஸ்டட்டின் சொட்டு மருந்து பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

கட்டுப்பல் செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்குக்கு உண்மையான ஒவ்வாமை வேறு மாதிரி: புதுசாகப் போட்ட அல்லது ஒட்டித் திருத்திய சில நாட்களிலேயே எரியும், கன்னமும் உதடும் தொடும் இடமெல்லாம் எரியும். சூடாக்காமல் இறுக வைக்கும் 'கோல்ட் கியூர்' அக்ரிலிக்கில் இறுகாத மொனோமர் (பிளாஸ்டிக்காக மாறாமல் மிஞ்சும் மூலப்பொருள்) அதிகம் தங்குவதுதான் அதற்குக் காரணம். திருத்தி வந்ததை ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டுப் போட்டால் எரிவு குறையலாம். குறையாவிட்டால் சூடாக்கி இறுக வைக்கும் 'ஹீட் கியூர்' முறையில் செய்து தரச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தடிப்பு, வெள்ளைத் திட்டு இருந்தால் அலர்ஜி என்று காத்திருக்க வேண்டாம். வெற்றிலை போடுபவர் என்றால் இன்னும் அவசரம். கொழும்பு வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: இரத்தம் எடுத்து அலர்ஜி பார்க்கும் பக்கேஜ் விளம்பரம் பார்த்தேன். வாயில் பழைய மெட்டல் கிரவுன் இரண்டு இருக்கிறது. பார்த்துவிட்டுக் கழற்றவா?
– தெஹிவளை

பதில்: அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். உலோக ஒவ்வாமை தாமதித்து வரும் வகை. உடனே வரும் ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஈ இரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. தோல் வைத்திய நிபுணர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் 'பட்ச் டெஸ்ட்'தான் சரியானது. இரண்டு நாள் ஒட்டியிருக்கும், கழற்றும்போது ஒரு தரமும் நான்காம் நாள் ஒரு தரமும் பார்ப்பார்கள். தங்கம், பலேடியத்துக்குப் பிந்தியும் பார்க்கவேண்டி வரலாம். முதுகு நனையக்கூடாது, கொழும்பு வெயிலில் வியர்த்தால் ஒட்டு உரிந்துவிடும், ஆகவே அலைச்சல் இல்லாத வாரமாகப் பார்த்து நாள் எடுங்கள். ஸ்டீரொயிட் குளிசை எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

சோதனையில் நிக்கல் காட்டினாலும், வாயில் அறிகுறியே இல்லாவிட்டால் கிரவுனைக் கழற்றத் தேவையில்லை. கிரவுனைச் சுற்றி முரசு சிவந்திருந்தால், விளிம்பு பொருந்தாமல் அழுக்குத் தங்குகிறதா, மிச்சச் சிமெந்து உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரேயுடன் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அலர்ஜியைவிட அதுதான் அடிக்கடி நடப்பது. உலோகம் தொடும் கன்னத்தில் வலை போன்ற வெள்ளைக் கோடு, பக்கத்தில் எரிவு, சோதனையும் அதே உலோகத்தைக் காட்டுகிறது – இவை மூன்றும் சேர்ந்தால் மாற்றுவது நியாயம். மாற்றிய பிறகும் கோடு மறையச் சில மாதம் எடுக்கும்.