மூலப்பத்திரம் யார் பேரில்? வீடு, கடை, குடும்பச் சொத்து: கேள்வி பதில்

மதுரைப் பக்கம் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். வீடு, நிலம், வாடகை, பாகப்பிரிவினை எல்லாம் கேட்கலாம். கிரிமினலும் வருமான வரியும் என் பக்கம் இல்லை. சொத்துப் பற்றிக் கேட்பவர்கள் மூன்று விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள்: மூலப்பத்திரம் யார் பேரில் இருக்கிறது, அவர் இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வருஷம் தவறினார். இவை இல்லாமல் வரும் கேள்விக்கு நான் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

தேனியிலிருந்து: பழைய வீடு ஒன்று வாங்கப்போகிறோம். பட்டா விற்பவர் பேரில் இருக்கிறது, 30 வருஷ வில்லங்கமும் சுத்தம். அட்வான்ஸ் கொடுக்கலாமா சார்?

இப்போதைக்கு வேண்டாம். பட்டா என்பது வருவாய்த் துறையின் கணக்கு. உரிமையைப் பத்திரத்தில்தான் தேட வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே வரும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. மூலப்பத்திரத்தை ஒருவரிடம் அடமானமாகக் கொடுத்து, பதிவு எதுவும் செய்யாமல் வாங்கிய கடனும் வராது. அதனால் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸை நீட்டி "ஒரிஜினல் பேங்க் லாக்கரில் இருக்கு, அப்புறம் காட்டுறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விற்பவருக்கு அந்த வீடு அவர் அப்பா வழியில் வந்ததா? அப்படியானால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட.

திருப்பூரிலிருந்து: ஜாப் ஒர்க் செய்து கொடுத்த பார்ட்டி கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. "அடுத்த மாசம் மறுபடி போடுங்க" என்கிறார். பழகிய மனுஷர், போட்டுப் பார்க்கலாமா?

போடலாம், காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வரவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். பழகியவர் "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று சொல்வதில் கரைவது இந்த நாட்கள்தான். போனில் திட்டியதெல்லாம் நோட்டீஸ் ஆகாது.

திண்டுக்கல்லிலிருந்து: அப்பா 1994-இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. 2001-இல் இறந்துவிட்டார், உயில் இல்லை. அம்மா, நான், இரண்டு அக்காக்கள். அக்காக்களுக்கு 1987-லும் 1991-லும் கல்யாணம் ஆகிவிட்டது. பெண்களுக்குச் சொத்துரிமை வந்ததே 2005-இல்தான், அப்பா அதற்கு முன்னாலேயே போய்விட்டதால் அக்காக்களுக்குப் பங்கில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். சரிதானே?

தவறு. மூன்று விஷயத்தையும் ஒழுங்காக எழுதியதற்கு நன்றி, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம், பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் உரிமை தருவதைப் பற்றியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1989 மார்ச் 25 முதல், அந்தத் தேதிக்குள் கல்யாணம் ஆகாத மகள்களுக்கு அந்த உரிமை கொடுக்கப்பட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதமும் போனது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இது எதுவும் உங்கள் வீட்டுக்குச் சம்பந்தமில்லை! உங்கள் அப்பாவுடையது சுயார்ஜிதம், அதாவது சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயார்ஜிதத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. இது 1956-லிருந்தே சட்டம். அக்காவுக்குக் கல்யாணம் எந்த வருஷம் என்ற கேள்வியே எழாது. ஆக அம்மாவுக்கு ஒன்று, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்று, மொத்தம் நாலு பங்கு.

நீங்கள் கேட்காததை நான் கேட்கிறேன்: 2001-இல் உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் ஐந்து பங்கு. பாட்டி பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால் அவருடைய பங்கில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பாத்தியம் உண்டு. என் மேஜைக்கு வரும் குடும்ப வழக்குகளில் பாதிக்குப் பாதி இந்தப் பாட்டியை மறந்ததில்தான் சிக்குகிறது.

விருதுநகரிலிருந்து: சட்டம் இருக்கட்டும் சார், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. 40 பவுன் போட்டு, சீர் செய்து, பேறுகாலம் வரை பார்த்து அனுப்பியாயிற்று. அப்பாவின் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவும் நான்தான் பார்த்தேன். இதற்கு மேலும் தங்கச்சிக்குப் பங்கா?

போட்டது யார் பணத்தில்? அப்பா பணத்தில் என்றால் அது அப்பா மகளுக்குச் செய்தது. உங்கள் படிப்புக்கும் முதல் கடை வைக்கவும் கொடுத்ததைக் கணக்கில் எழுதுவீர்களா? ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் பேச வேண்டிய விஷயம். ரசீதுகளை எடுத்து வைத்துத் தங்கச்சியிடம் உட்கார்ந்து பேசுங்கள், பல பெண்கள் அதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் சீர் கொடுத்தால் பங்கு போய்விடும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அதே விருதுநகர்க்காரர்: தங்கச்சியே "நகை பெற்றுக்கொண்டேன், சொத்தில் பாத்தியம் இல்லை" என்று கல்யாணத்தன்று எழுதிக் கொடுத்திருக்கிறதே! அப்பாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்தத் தாளை நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன்: இருபது ரூபாய் முத்திரைத்தாள், மாமாவின் கையெழுத்தில் பத்து வரி, கீழே மணப்பெண்ணின் கோணல் கையெழுத்து, பதிவு எண் கிடையாது. அசையாச் சொத்தின் பாத்தியத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். அதோடு, அப்பா உயிரோடு இருக்கும்போது அவருடைய சுயார்ஜிதத்தில் மகளுக்கு எந்தப் பங்கும் இல்லை. இல்லாத பங்கை அந்தப் பெண் எப்படி விட்டுக்கொடுக்க முடியும்? உங்கள் அப்பாவுக்கு மகனுக்கு மட்டும் கொடுக்க விருப்பம் இருந்திருந்தால் ஓர் உயில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

சிவகாசியிலிருந்து, ஒரு சகோதரி: மேலே அண்ணன் பேசுவதைப் படித்தேன். என் அண்ணன் "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்று திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஆதாரும் ஃபோட்டோவும் கொண்டு வரச் சொன்னார். போகலாமா ஐயா?

அம்மா, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். பட்டா மாற்றம் தாலுகா அலுவலகத்து வேலை. அதற்காக நீங்கள் சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைக்க வேண்டியதில்லை. உங்களை அங்கே கூப்பிடுகிறார்கள் என்றால் விடுதலைப் பத்திரமோ பவர் பத்திரமோ தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைவை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் தலைப்பைப் பாருங்கள், அப்புறம் "தொகை பெற்றுக்கொண்டு" என்ற வரியைத் தேடுங்கள். வாங்காத பணத்தை வாங்கியதாகப் போட்டிருப்பார்கள். விட்டுக்கொடுக்க உங்களுக்கே மனமிருந்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் தெரிந்து போடுங்கள்.

விருதுநகர்: குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள் சார்.

பத்திரத்தைப் படிக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

ராமநாதபுரம்: அக்காவுக்குப் பங்கு உண்டா?

திண்டுக்கல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகர்கோவில்: நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். எங்களுக்கும் இதேதானா?

உங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டைப் பிள்ளைகள், ஆண் பெண் பேதமில்லாமல், சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மதுரையிலிருந்து, டீக்கடைக்காரர்: 11 மாத அக்ரிமெண்ட் முடிந்துவிட்டது. காலி பண்ணச் சொல்லி ஓனர் கரண்டைக் கட் பண்ணிவிட்டார்.

கரண்டையும் தண்ணீரையும் நிறுத்த அவருக்கு உரிமையில்லை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்பது பழைய பழக்கம். இப்போது எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றவர்: வீட்டை மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாடு கூடப் போடுவதில்லை.

2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அந்த வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டாலும் மனுக் கொடுங்கள், வாதாட இடமிருக்கிறது. இனி எழுதப்போகிறவர்கள் அந்த ஒரு வரியையும், ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேலம்: விவாகரத்து, ஜீவனாம்சம் பற்றி...

என் துறை இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போன் 15100.

தஞ்சாவூர்: கட்டிக்கொடுத்த தங்கைக்கும் பங்கு உண்டா?

மேலே இருக்கிறது ஐயா, மேலே.

திண்டுக்கல்: பாட்டி 1998-லேயே போய்விட்டார். நாலு பங்குதான். அக்காக்கள் பங்கு கேட்டால் வீட்டை இடித்தா பிரிப்பது?

இடிக்க வேண்டாம் தம்பி. சந்தை மதிப்பைப் பேசி, அக்காக்களின் பாகத்துக்குப் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்துகொள்ளுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணத்துக்கு உச்சம் 10,000. 2023 ஜூலையிலிருந்து இதுதான் கணக்கு. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், பரிமாற்ற எண்ணைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் கால் பங்கை அவர் பேரிலேயே விட்டு வையுங்கள்.